கராஜில் வடகம் தாளிக்கும் வாசனை

1

இந்த மாசியோடு என் வீட்டுக்காரர் செத்து ஒரு வருஷம் ஆகிறது. மறைந்தார், காலமானார் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. காரைச் சுற்றிக் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டு வருகிறேன் என்று போனவர், தள்ளுகிற பலகையைக் கையில் பிடித்தபடியே கராஜில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது. வந்தவர்களும் நன்றாகத்தான் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லாத சாவு இருக்கிறதே, அதைவிடப் பேஜாரு வேறு இல்லை.

நாங்கள் கனடாவில் வின்னிபெக் என்கிற ஊரில் இருக்கிறோம். இருக்கிறேன் என்று எழுத வேண்டும், இன்னும் கை பழகவில்லை. குளிர்காலத்தில் இங்கே வாசல் கதவை யாரும் திறப்பதில்லை. கராஜ் கதவைத் தூக்கி, கராஜ் வழியாகத்தான் வீட்டுக்குள் வருவோம். என் மகள் கயல் சனிக்கிழமைகளில் வந்தால் அப்படித்தான் வருவாள். அவர் செத்த இடத்தைத் தாண்டாமல் எங்களால் வீட்டுக்குள் வர முடியாது.

தை பிறந்ததுமே திண்டிவனத்திலிருந்து மல்லிகா அக்கா போன் செய்ய ஆரம்பித்துவிட்டார். அவர் என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவர்.

"உமா, திதி வருது. ஞாபகம் வெச்சிக்கினு இருக்கியா?"

"இருக்கேங்க்கா."

"அங்க ஐயரு கிடைப்பாரா?"

"ஐயர் கிடைப்பார். இந்தக் குளிருக்கு காக்காதான் கிடைக்காது."

"சிரிக்காதடி. ஐயரெல்லாம் வேணாம். அவனுக்குப் புடிச்சத ஆக்கி எலையில வை, போதும். வடகம் தாளிச்ச காரக்கொழம்பு இல்லன்னா அவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். ஆக்கும்போது உப்பு கிப்பு பாத்துடாத. ஒரு சொட்டு நாக்குல படக் கூடாது. மொத வாயி அவனுக்கு. வாசனைய வெச்சித்தான் எல்லாம் பாத்துக்கணும், தெரிதா?"

தெரிகிறது. எங்கள் பக்கத்துப் படையல் சமையலே அப்படித்தான். அடுப்படியில் நிற்கிறவளுக்கு நாக்கு கிடையாது, மூக்குதான். புளி பச்சையாக நிற்கிறதா, உப்பு தூக்கலா, வடகம் சிவந்ததா கருகியதா, எல்லாவற்றையும் ஆவியை மோந்தே சொல்வார்கள். அக்காவுக்கு நான் ஒன்றைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போன மறுமாதமே காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போயிற்று.

2

எங்கள் வீட்டில் சமைத்தது அவர்தான். இதைச் சொன்னால் விழுப்புரத்தில் என் தம்பி பெண்டாட்டி இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் சோறு என்பது அடுத்த ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அவசரமாகப் போடுவது. அவர்கள் வீடு வேறு. என் மாமனார் கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் ஓட்டல் வைத்திருந்தவர். பஸ் நிற்கிற நேரத்துக்குள் சாப்பிட்டு எழுந்திருக்கிற கூட்டத்துக்கு, இலையில் குழம்பு விழும்போதே பசி கிளம்ப வேண்டும் என்பாராம். அதற்கு அவர் நம்பியது வடகத்தை. பஸ் வருகிற சத்தம் கேட்டதும் இருப்புக் கரண்டியில் எண்ணெய் காய வைத்து ஓர் உருண்டையை உதிர்த்துப் போடுவார். ரோட்டைத் தாண்டி மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள்கூட ஓட்டலுக்குள் வந்துவிடுவார்களாம். இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்ன கணக்கு. பாதி அளப்பு என்று கழித்துக்கொள்ளுங்கள்.

வடகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வெங்காயத்தை நசுக்கி, பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, சித்திரை வெயிலில் நாள் கணக்காகக் காய வைப்பது. பார்ப்பதற்குக் கறுப்பாக அசிங்கமாக இருக்கும். எண்ணெயில் விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அவருக்குச் சமையல் என்றால் வைத்தியம். வெந்தயம் சர்க்கரைக்கு, பூண்டு பிரஷருக்கு, சீரகம் வயிற்றுக்கு, விளக்கெண்ணெய் சூட்டுக்கு, மஞ்சள் எல்லாவற்றுக்கும். நான் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை செய்கிறவள். "உங்க கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா, இதுல பூண்டு எங்க வேலை செஞ்சிது?" என்று கேட்பேன்.

"ரிப்போர்ட்ட தின்னா ஒடம்பு தேறுமா?" என்பார். சொல்லிக்கொண்டே பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொள்வார். இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொள்கிற ஆள்.

எனக்கு அந்த வடக வாசனை ஆகாது. வெள்ளையாகவே சொல்லிவிடுகிறேன். மூடி வைத்த வீட்டில், ஜன்னலைத் திறந்தால் மூக்கு விறைக்கிற ஊரில், ஒருமுறை தாளித்தால் மூன்று நாளைக்குத் திரைச்சீலையில் நிற்கும். கோட்டில் ஏறும். கயல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுடைய ஜாக்கெட்டில் ஏறி, பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு வந்து அழுதவள் அப்புறம் அப்பா சமையலையே தொடவில்லை. ரொட்டி, பாஸ்தா என்று ஒதுங்கிவிட்டாள். அவர் மறுவாரம் ஒரு கேஸ் அடுப்பை வாங்கிக் கராஜில் மேஜை போட்டு வைத்தார். அன்றிலிருந்து தாளிப்பெல்லாம் கராஜில். வெளியே பனி கொட்டும், இவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, கராஜ் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, வடகம் தாளிப்பார். அடுப்படி பக்கமிருந்த புகை அலாரம் அப்படியும் கத்தியது என்று ஒருநாள் அதன் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டார். அது போட்ட இடத்திலேயே கிடந்தது.

3

காய்ச்சல் விட்டு எழுந்தபோது காப்பி வெறும் வெந்நீராக இருந்தது. சோப்பு வாசனை இல்லை, தலையணை வாசனை இல்லை. லேபில் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிற பாட்டில்களை நான் முகத்துக்கு நேராகப் பிடித்துத் திறந்தேன். ஒன்றும் இல்லை. சரி, போகட்டும் என்று இருந்துவிட்டேன். புருஷன் போய் ஒரு மாதத்தில் மூக்குக்கு யார் அழுவது?

பிறகு ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து வந்து கராஜ் கதவைத் தூக்கினேன். வடகம் தாளிக்கிற வாசனை வந்தது. எண்ணெயில் விழுந்து வெந்தயம் சிவக்கிற, அந்தக் குறிப்பிட்ட நொடியின் வாசனை. காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு ஓடினேன். அடுப்பு ஜில்லென்று இருந்தது. சிலிண்டர் மூடியிருந்தது. வீட்டில் வடகம் என்று ஒரு பிசிறுகூடக் கிடையாது. பழைய பாட்டிலில் இருந்ததை அவர் பொங்கலோடு தீர்த்திருந்தார்.

அன்றிலிருந்து அடிக்கடி வந்தது. எல்லா இடத்திலும் இல்லை. பஸ்ஸில் வராது, லேபில் வராது. கராஜில் வரும், கராஜை ஒட்டிய சமையலறையில் வரும். வேறு எந்த வாசனையும் இல்லாத மூக்கில் அது ஒன்று மட்டும் வந்து நிற்கும். முதல் வாரம் பயந்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். அப்புறம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமல் கராஜில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வந்தால் சிரிப்பு வரும், "வந்துட்டீங்களா, கதவைத் தூக்கிவிட்டுத் தாளிங்க" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். லேபில் வேலை செய்கிறவள் பேசுகிற பேச்சா அது என்று கேட்காதீர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

கயலிடம் மூக்கு போனதை மட்டும் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெரிந்தால் இந்த வீட்டை விற்று மூட்டை கட்டிவிடுவாள். தவிர, அவள் தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சனிக்கிழமை வருவாள், ஃபிரிட்ஜில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் மோந்து பார்த்துக் கெட்டதைக் கொட்டுவாள், தேதி எழுதி ஒட்டுவாள், போவாள்.

4

சித்திரையில் ஊருக்குப் போனேன். அஸ்தியை நீர்நிலையில் கரைக்க வேண்டும் என்று மல்லிகா அக்கா பிடிவாதம். பனமலை ஏரியில் என் வீட்டுக்காரர் சின்ன வயதில் நீந்தியிருக்கிறார், அங்கேயே கரைத்தோம். தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருந்தது. வேலை முடிந்ததும் அக்கா என்னைத் திண்டிவனத்தில் தான் இருக்கிற பூர்வீக வீட்டுக்குக் கூட்டிப்போய் மாடியில் உட்கார வைத்தார். அது வடகம் போடுகிற சமயம். மாடி முழுக்க வேட்டி விரித்து உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா குந்தி உட்கார்ந்து, முதல் நாள் உருண்டைகளை உடைத்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இந்த வாசனைக்கு மூஞ்சியத் திருப்பிக்குவ. இன்னா இப்ப பக்கத்துலயே குந்திக்கினு இருக்க?" என்றார்.

"பழகிடுச்சிக்கா."

ஒன்றும் வரவில்லை. அத்தனை வடகத்துக்கு நடுவில், உச்சி வெயிலில், கையை முகத்தில் தேய்த்தும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் அக்கா முருங்கைக்கீரைக்கு வடகம் தாளித்தார். பக்கத்தில் நின்றேன். சத்தம் கேட்டது, புகை கண்ணைக் கரித்தது. வாசனை மட்டும் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் அவர் இல்லை, வின்னிபெக் கராஜில்தான் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். "நான் இல்லாத வூடாடி இது, ஏன் இப்பிடி ஓட்ற?" என்று கோபித்தார்.

கிளம்பும்போது ஒரு பெரிய பாட்டில் நிறைய வடகம் போட்டு, வாய்க்குத் துணி கட்டி, நூலால் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். "இத வருசத் திதிக்கு வெச்சிக்க. அதுக்கு முன்ன அவுக்காத" என்றார்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்ன இது என்றார். மசாலா உருண்டை என்றேன். சாப்பிடுவதா, கொளுத்துவதா என்று கேட்டார். அவருக்குத் தாளிப்பதை எப்படிச் சொல்லி விளக்குவது? இத்தனை வருஷ இங்கிலீஷில் அதற்கு எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. முதலில் கொளுத்துவோம், பிறகு சாப்பிடுவோம் என்றேன். அவர் துணிமேல் மூக்கை வைத்தார், சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தார். அந்த வெள்ளைக்காரர்மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, சொல்லி முடியாது. போங்கள் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கராஜ் கதவைத் தூக்கினேன். வாசனை வந்தது. பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு அழுதேன். பாட்டிலை நூலை அவிழ்க்காமல் அலமாரி மேல்தட்டில் வைத்தேன்.

5

இலையுதிர் காலத்தில் பால் கருகியது. அடுப்பில் வைத்துவிட்டு, கராஜ் பக்கம் வாசனை வருகிறதே என்று போய் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரமே எரிந்திருக்கிறது. எனக்கு வடக வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அலாரம் கத்தவில்லை, அதன் பேட்டரிதான் டிராயரில் கிடக்கிறதே. கயல் வந்தபோது சமையலறையில் கை தெரியாத அளவு புகை. அவள் இருமிக்கொண்டே எல்லா ஜன்னலையும் திறந்தாள், அடுப்பை அணைத்தாள், பிறகு என்னைத் தேடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"செத்துப் போயிருப்பம்மா. தெரிதா ஒனக்கு? டாக்டரப் பாரு, இல்லன்னா இந்த வீட்ட வித்துட்டு என்னோட வந்துடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

டாக்டரைப் பார்க்கிறேன் என்றேன். இந்த ஊரில் ஒரு மூக்கு டாக்டரைப் பார்ப்பது எளிதா? குடும்ப டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் கூப்பிட வேண்டும், கூப்பிடும்போது நாம் போனை எடுக்க வேண்டும், எடுக்கத் தவறினால் வரிசையில் பின்னால் போக வேண்டும். வரிசையில் நின்று ஒருவழியாகப் போனேன். சின்னப் பெண் டாக்டர், பொறுமைசாலி. அவளிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். வாசனை நரம்பு காய்ச்சலில் அடிபட்டிருக்கிறது, இல்லாத வாசனை வருவது இந்த நோயில் உண்டு, ஆவி பூதம் ஒன்றும் இல்லை என்றாள். நரம்பை மறுபடி பழக்கலாம். பன்னீர், எலுமிச்சை, லவங்கம், யூகலிப்டஸ் தைலம், இந்த நாலையும் தினம் காலையிலும் மாலையிலும் மோந்து, அது அது முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நிஜ வாசனை திரும்பத் திரும்ப, இல்லாத வாசனை தானாகப் போய்விடும் என்றாள்.

"போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. எல்லாரும் அது போக வேண்டும் என்றுதான் வருகிறார்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து நாலு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு வந்தால் அவர் போய்விடுவார். மூக்கு வராவிட்டால் வீடு போய்விடும், வீட்டோடு அவரும் போய்விடுவார். போதாததற்குப் படையல் வேறு. வாசனை தெரியாமல், ருசியும் பார்க்காமல், சமைக்கவே தெரியாத நான் அவருக்கு என்னத்தை ஆக்கிப் போடுவது? கூட்டேரிப்பட்டு ஓட்டல்காரர் மகனுக்கு முதல் வருஷச் சோறு வாயில் வைக்க முடியாதபடி இருந்தால் அவர் என்னை விடுவாரா? அதை நினைத்துத்தான் லவங்க டப்பாவைத் திறந்தேன்.

6

பழக்கினேன். கார்த்திகை, மார்கழி முழுக்க, லவங்கத்தை மூக்கில் வைத்துக்கொண்டு என் தங்கச்சி கல்யாணத்து வெற்றிலைத் தட்டை நினைத்தேன். தைலத்துக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரி வராண்டா. எலுமிச்சைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவர் வாங்கிக் கொடுத்த சோடா. பன்னீருக்கு அவரையே நினைத்தேன், எங்கள் கல்யாணத்தில் மாலையோடு நின்றதை. ஒன்றும் வராத மூக்கைப் பிடித்துக்கொண்டு இப்படி நினைத்துக்கொண்டிருந்தால் ஜெபம் பண்ணுகிற மாதிரிதான் இருந்தது.

முதலில் லவங்கம் வந்தது. நூல் மாதிரி, மெலிசாக. சந்தோஷப்பட்டேன், மறுக்கவில்லை. பிறகு எலுமிச்சை. அதே நாட்களில் கராஜ் வாசனை மெலிந்தது. தினமும் வந்தது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆயிற்று. முன்பு தாளிக்கிற நொடியின் வாசனையாக இருந்தது, தாளித்து ஆறிப்போன வாசனையாக ஆயிற்று. நான் கராஜில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இருங்க, படையல் முடியட்டும்" என்று கெஞ்சினேன். பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று எத்தனையோ தடவை டப்பாவைத் தூக்கிக் குப்பைக் கூடை வரைக்கும் போயிருக்கிறேன். பொங்கலன்று காலையில் கொஞ்சமாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. கோட்டோடு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். டாக்டருக்கு நல்ல சேதி சொல்லி எழுதினேன். அவளும் வாழ்த்துச் சொன்னாள். வாழ்த்துச் சொல்கிற விஷயமா அது?

7

திதியன்று கயல் லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் கூப்பிடவில்லை, மல்லிகா அக்கா நேரே அவளுக்கே போன் செய்திருக்கிறார். "ஒங்கம்மாவுக்கு ஆக்கத் தெரியாது, நீ போயி நில்லு" என்றாராம். போன் செய்யாதே என்று அக்காவிடம் யார் சொல்லுவது?

வெளியே நல்ல குளிர். வாழை இலை கடையில் விற்கிற உறைந்த இலைதான், வெந்நீரில் நனைத்து விரித்தேன். வடை, பாயசம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையல் எல்லாம் எப்படியோ ஆயிற்று. எனக்கு லவங்கமும் எலுமிச்சையும் தெரியும், வெங்காயம் வதங்குவது கொஞ்சம் தெரியும், அதற்கு மேல் மூக்கு வரவில்லை. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட காரக்குழம்புக்குக் கயல்தான் மூக்கு. ஆவியை மோந்து, "புளி பச்சையா இருக்கும்மா", "இப்ப இல்ல", "உப்பு போதலன்னு நெனக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆச்சரியமாக இருந்தது. பாஸ்தா தின்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று.

தாளிப்பை அவர் இடத்திலேயே செய்தோம். கராஜ் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினேன். அவருடைய அடுப்பைக் கயல் பற்றவைத்தாள். பாட்டிலின் நூலைக் கத்தரிக்கோலால் வெட்டித் துணியை எடுத்தேன். ஓர் உருண்டையை உதிர்த்து அவள் கையில் கொடுத்தேன். எண்ணெயில் போட்டாள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"செவந்துச்சா? கருகப் போவுது, எறக்குடி" என்றேன்.

"இல்லம்மா. இரு. இன்னும் வெந்தயம் வரல." கரண்டிமேல் குனிந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதான். இப்ப சரி" என்று குழம்பில் கொட்டினாள்.

"எப்படிடி இவ்வளவு உறுதியா சொல்ற? அப்பா தாளிச்சா ரூம் கதவ சாத்திக்கினு கெடந்தவ நீ."

"அப்பா தாளிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இல்லம்மா" என்றாள். அந்த வருஷத்தில் முதன்முதலாக அவள் அப்பா என்று சொன்னது அப்போதுதான். "நீ தாளிக்கிறதுதான் ஞாபகம்."

"நானா?"

"போதும்மா, தெரியும். சனிக்கிழம வர்றப்ப கராஜ் கதவ தூக்குனாலே இந்த வாசனதான். நீ அடுப்பத் தொடச்சி வெச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி குந்திக்கினு இருப்ப. அழுதுடுவேன்னு நான் கேக்கல. கார் கண்ணாடிய எறக்கிவிட்டுக்கினு கொஞ்ச நேரம் கார்லயே இருந்துட்டுத்தான் உள்ள வருவேன். அதுக்காகத்தான் வாராவாரம் வந்ததே." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொங்கலுக்கு அப்புறம் வர்றதே இல்ல. நீ ஏம்மா நிறுத்திட்ட?"

வெட்டின நூல் இன்னும் என் கையில் இருந்தது. அதை அவளிடம் காட்டி, இந்த வீட்டில் ஒரு வருஷமாக வடகம் தாளிக்கவே இல்லை, இன்றைக்குத்தான் பாட்டிலைத் திறந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் மூக்குக்குள் நடக்கிறது, என் நோய், எனக்கு மட்டும் வருகிறது என்று நினைத்துத்தான் நான் அதை விரட்டினேன். அவளுக்கும் சேர்த்து விரட்டியிருக்கிறேன்.

"நேரமே இல்லடி" என்றேன்.

"இனிமே செய்யிம்மா. நானும் வர்றேன்."

படையல் போட்டோம். கற்பூரம் காட்டினோம். ஒரு கவளத்தைப் பின்பக்க வேலிமேல் வைத்தோம், ஒரு பெரிய அண்டங்காக்கை எங்கிருந்தோ வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. பிறகு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கயல் குழம்பைப் பிசைந்தவள், வாயில் வைக்காமல், தலையைத் தூக்கிக் கராஜ் கதவுப் பக்கம் பார்த்தாள். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆயிற்று, ஆனாலும் அந்தப் பக்கமே மூச்சை இழுத்து மோந்தாள்.

"இன்னாடி?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா. சாப்புடு" என்றாள்.

அதற்கு மேல் அவளைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. குனிந்து சாப்பிட்டேன்.